திருப்பிக் கேட்காத சாமை

கோணியின் வாயை அம்சவல்லி இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா வேடியப்பன் கோணி ஊசியில் சணலைக் கோத்துத் தைத்தார். உள்ளே இருந்தது அந்த வருஷத்துப் புதுச் சாமை. 1982, கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை. அன்று காலையில் அவர்கள் குடித்ததோ ரேஷன் அரிசிக் கஞ்சி.

ஈச்சங்கொல்லையில் சாமை களத்திலிருந்து வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் குத்திப் பொங்கிவிடுவார்கள். அந்த வருஷம் வேடியப்பன் வீட்டில் மட்டும் அது அடுப்பேறவில்லை. அம்மா ராணியம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. உலக்கையைக் கழுவி மூலையில் சாய்த்து வைத்துவிட்டாள்.

"விரல எடு. குத்திக்கினா எங்கிட்ட அழுவாத" என்றார் அப்பா.

"குத்தறது நீ. அழுவறது நானா?"

"கம்பெனில குந்திக் குந்தி விரலு பூவாப் போச்சு உனுக்கு. புடி, நல்லா இறுக்கிப் புடி."

கடைசியில் குறுக்காக இரண்டு தையல் போட்டு முடிச்சிட்டு, சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். அது அவருடைய தையல். வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. பல்லில் ஒட்டிய நாரைத் துப்பிவிட்டு, வாசல் நிலையைப் பார்த்தார். நிலையில் அடித்த ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. பழைய வேட்டியைக் கிழித்து ராணியம்மாள் தைத்தது. ஒரு படி சாமை பிடிக்கும்.

"வர்ற புதங்கெழம திருப்பத்தூர் போய்ட்டு வந்துர்றேன்" என்றார்.

வைகாசியிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுதான். எந்தப் புதன் என்பது மட்டும் மாறும்.

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்தத் தையல்.

*

நெல்லிவாசல்நாடு என்ற மலைப்பகுதியில் ஜீப் வந்து நிற்கிற இடத்துக்குப் பாறைமேடு என்று பெயர். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினால் ஈச்சங்கொல்லை. சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள், அவற்றின் ஓரமெல்லாம் புளியமரங்கள். வேடியப்பன் பிறந்து வளர்ந்தது, சுமை தூக்கியது எல்லாம் அங்கேதான். இளவயதில் புளி மூட்டையைத் தலையில் வைத்து அடிவாரம் வரை இறக்கியவர். கழுத்து மரத்தின் அடி மாதிரி இருக்கும். ஊரில் அவருக்குக் 'கழுத்துக்காரன்' என்று பேர். சட்டையின் மேல் பொத்தானை அவர் ஆயுளில் ஒருநாளும் போட முடிந்ததில்லை.

ஜீப் பாதை வந்த பிறகு, யார் மூட்டை எந்த நாளில் பாறைமேட்டுக்கு இறங்க வேண்டும், யார் தூக்குவது என்று பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவரிடம் வந்தது. யாரும் அவரை நியமிக்கவில்லை. அவர் சொன்னால் சண்டை வராது. அதனால் அவரே சொன்னார்.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. எதைப் பார்த்தாலும் கேட்பார்: "இத எதுக்குத் தூக்கணும்?" கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிறவர்களைக்கூட நிறுத்திக் கேட்டு, ராணியம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி பிறந்தது திருப்பத்தூரில். கல்யாணமான புதிதில் ஒருமுறை, காலிக் கோணியைத் திரும்ப வாங்குவதற்காக மண்டிக்குப் பின்பக்கம் போனார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பழம் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். ஓடு ஒரு குவியலாகக் கிடந்தது. ஒருவன் அந்த ஓட்டை அள்ளி அடுப்பில் போட்டு டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். வேடியப்பன் ஒரு பிடி ஓட்டை மடியில் கட்டிக்கொண்டு மலையேறி வந்து பெண்டாட்டி முன்னால் கொட்டினார்.

"இத நான் கழுத்து ஒடியத் தூக்கினு போறேன். அவன் டீ போட்டுக் குடிக்கறான்."

"உனக்கு ஒரு டீ குடுத்தானா இல்லியா?"

"இல்ல."

"அப்ப அதுக்குத்தான் கோவம்" என்றாள் ராணியம்மாள்.

*

அம்சவல்லி ஒரே பிள்ளை. அடிவாரத்தில் அரசு விடுதியில் தங்கிப் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தாள். ராணிப்பேட்டையில் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் செலவுக் கணிப்புப் பிரிவில் வேலை. முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பா கேட்டார்: "அங்க நீ இன்னாதான் பண்றே?"

ஒரு பாகம் உருக்காலையிலிருந்து கிளம்பிப் பம்பாக வெளியே போகிற வரை அதன் பின்னாலேயே போவேன் என்றாள். எங்கே தூக்குகிறார்கள், எங்கே காத்துக் கிடக்கிறது, எங்கே உடைகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று பார்ப்பேன். வாங்குகிறவனுக்குப் பயன்படாத செலவைக் குறைக்க வழி சொல்வேன்.

"அதுக்கா சம்பளம் குடுக்கறான்? நான் அதத்தான் இத்தினி வருஷமா திட்டிக்கினே செஞ்சினு கீறேன்."

"திட்டறதுக்குத் தர மாட்டான் பா."

"சரி, நீ திட்டாத. ஒரு புளி மூட்டைக்குப் பின்னாடியே போய்ப் பாரேன்."

1981 பங்குனியில் அவள் லீவு போட்டு வந்தாள். ஒரு மூட்டையின் காதில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அப்பாவும் மகளும் அதன் பின்னாலேயே போனார்கள். வீட்டிலிருந்து தலைச்சுமையாகப் பாறைமேடு. ஜீப் நிறைகிற வரை பனியில் கிடப்பு. அடிவாரத்தில் விளைபொருள் சங்கத்தின் கிடங்கில் இறக்கி, எடை போட்டு, அடுக்கி, பிறகு லாரிக்கு ஏற்றம். திருப்பத்தூர் மண்டியில் மறுபடி இறக்கம், மறுபடி எடை. ஒவ்வொரு இடத்திலும் கொக்கி குத்திக் கோணி கிழிந்தது. கிழிசலில் புளி சிந்தியது. கிடங்கின் ஓரத்தில் ஈரம் பட்ட மூட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கடைசியில் மண்டிப் பெண்கள் அந்த மூட்டையை உடைத்தபோது அம்சவல்லி பழத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தாள். மலையிலிருந்து அத்தனை பேர் தூக்கி இறக்கியதில் ஏறக்குறையப் பாதி ஓடும் நாரும் கொட்டையுமாக இருந்தது.

திரும்பி வரும்போது, பஸ் ஏற்றத்தில் முனகத் தொடங்கிய பிறகு வேடியப்பன் சொன்னார்: "பழம் மட்டும் எறங்கட்டும்மா."

அதைத்தான் அவளும் எழுதினாள். மலையிலேயே உடைத்து, கொட்டை எடுத்து, பழத்தை மட்டும் அழுத்திக் கட்டி இறக்குவது. கொட்டைக்கு அவசரமில்லை. காய வைத்து, பருவம் முடிந்ததும் மொத்தமாக மாவு மில்லுக்கு அனுப்பலாம். வாடகையில் நல்ல மிச்சம். ஆனால் உடைக்கிற வேலை மண்டியிலிருந்து மலைக்கு வருகிறது. அதனால் மண்டிப் பெண்களுக்குப் போன கூலி மலைப் பெண்களுக்கு வர வேண்டும். இதை அவள் தனியாக அடிக்கோடிட்டாள். ஒருவர் செலவை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது மிச்சம் ஆகாது என்பது அவள் கற்ற தொழிலின் அரிச்சுவடி.

பிறகு பிலிப்ராஜ் விஷயம். பாறைமேட்டில் ஜீப் ஓட்டுகிறவன், அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் காலையில் வந்து, மூட்டையும் ஆளும் சேர்கிற வரை ஜீப்பிலேயே காலை நீட்டித் தூங்குவான். செய்தி கேள்விப்பட்டு ஏறி வந்துவிட்டான்.

"இன்னா தங்கச்சி, என் டிரிப்ப வேஸ்ட்டுனு எழுதிட்டியாமே?"

"டிரிப்பு வேஸ்ட்டு இல்லடா" என்றார் வேடியப்பன். "நீ பாறமேட்டுல குறட்ட வுடறியே, அதான் வேஸ்ட்டு."

"ண்ணா, குறட்ட வுடறதுக்கும் ஒருத்தன் வேணும் அங்க. போன மாசம் உங்க பக்கத்து வூட்டு சம்பூர்ணம் அக்காவத் தேள் கொட்டுச்சே, யாரு இட்டுனு போனா? தூங்கினு இருந்தவன்தான?"

அம்சவல்லி அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாள். சுமை குறைந்தால் ஜீப்புக்கு நடை குறையும். நடை குறைந்தால் அவன் தினம் வர மாட்டான். அதனால் மூட்டைக்கு வாடகையை உயர்த்தி, ஜீப் தினமும் பாறைமேட்டில் நிற்க வேண்டும் என்று சேர்த்தாள். நிற்பதற்கும் ஒரு விலை உண்டு.

"அப்ப தூங்கலாம்" என்றான் பிலிப்ராஜ்.

"தூங்கு. ஆனா ஒரு கண்ணு தொறந்து தூங்கு" என்றார் வேடியப்பன்.

*

சங்கத்தின் செயலாளர் தாண்டவராயன். திருப்பத்தூர்க்காரர். மலைக்கு நடந்து ஏறி வருகிற ஒரே அதிகாரி அவர்தான் என்பதில் ஊருக்கு ஒரு பெருமை. வேடியப்பனுக்கு அவர் பத்து வருஷப் பழக்கம். வந்தால் அந்த வீட்டில்தான் சாப்பாடு. ராணியம்மாளின் மொச்சைக் குழம்பைப் புகழ்ந்து புகழ்ந்தே இரண்டு முறை சோறு வாங்குவார்.

1981 கார்த்திகையில், புதுச் சாமை பொங்கிய நாளில், வேடியப்பன் அவரை அழைத்தார். அது சும்மா விருந்தல்ல. ஈச்சங்கொல்லையில் வெளியாள் ஒருவன் புதுச் சாமையை ஒரு வீட்டில் சாப்பிட்டால் அன்றிலிருந்து அவன் அந்த வீட்டு ஆள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவனுக்குப் பந்தியில் இடம் உண்டு. அவனிடம் வாய்ச்சொல் போதும். தாளில் எழுதிக் கேட்டால் அவனைத் திருடன் என்று சொன்னதாகும். அப்படிப்பட்டவன் சொல் தவறினால் அதற்கும் ஒரு வழி இருந்தது. அழைத்துச் சோறு போட்டவன் தானே அவன் வாசலுக்குப் போய் நின்று, "எஞ்சாமய எனக்குக் குடு" என்று ஒரு படி திருப்பிக் கேட்க வேண்டும். அவன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கேட்ட கணத்தில் உறவு அறுந்தது. கேட்கிற வரை அறாது. கேட்காமல் அந்த வீட்டில் அடுத்த புதுச் சாமையும் பொங்கக் கூடாது.

தாண்டவராயன் கணக்கைக் கேட்டார். தலையாட்டினார். ரொம்ப நல்ல திட்டம் என்றார். உடைக்கிற கூலி பெண்களுக்கு, வாடகை உயர்வு பிலிப்ராஜுக்கு, கொட்டைப் பணம் ஊருக்கு. மூன்றுக்கும் சரி என்றார்.

அம்சவல்லி ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறவள். "இத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லது சார்" என்றாள்.

"அம்சா, சோறு ஆறுது" என்றார் அப்பா. குரலே மாறிவிட்டது.

தாண்டவராயன் சிரித்தார். "பரவால்ல கவுண்டரே. பாப்பா கம்பெனிக்காரி. பழக்கதோஷம்." இலையில் இருந்த சாமைச் சோற்றில் கை வைத்தார். "இந்தச் சோத்து மேல சொல்றேன். போதுமா பாப்பா?"

அம்மா மொச்சைக் குழம்பு ஊற்றினாள்.

*

அடுத்த மாசியில் ஆண்கள் மூங்கில் வெட்டி ஒரு கொட்டகை போட்டார்கள். மாசியும் பங்குனியும் பெண்கள் அதில் உட்கார்ந்து உடைத்தார்கள். ஓடு சுலபம், கொட்டைதான் கஷ்டம். கத்தி கொண்டு கீறி ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். புளிப்பு விரல் வெடிப்பில் இறங்கிப் பிடுங்கும். சோறு பிசைய முடியாமல் சிலர் கரண்டியால் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்துக்கு நகமே கழன்றது.

"மாமா, உங்க பேச்சக் கேட்டு எத்தினி நெகம் போச்சு பாருங்க. துட்டு வந்ததும் மொதல்ல எனுக்கு நெகம் வாங்கிக் குடுங்க."

"வெள்ளில வாங்கித் தரேன்டி."

"தங்கத்துல வேணாமா?"

"தங்க நெகத்துக்குக் கொட்ட எடுக்க வராது."

கொட்டகை சிரித்தது. வேடியப்பன் நாள் முழுக்க அங்கேயே கிடந்தார். பழத்தை அழுத்திக் கட்டினார். காய்ந்த கொட்டையைக் கோணிகளில் நிரப்பி, குறுக்கே இரண்டு தையல் போட்டு, கொட்டகையின் பின்பக்கம் அடுக்கினார். பாறைமேட்டுக்கு இறங்குகிற சுமை பாதியாகிவிட்டதைப் பார்க்கத் தினமும் ஒருமுறை இறங்கிப் போனார். வெறுங்கையோடு ஏறி வருகிற ஆள்களைப் பார்த்து, "கழுத்து எப்பிடி கீது?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார். மகளுக்கு அந்த இரண்டு மாதத்தில் பிறரிடம் எழுதவைத்து மூன்று கடிதம் அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரே சங்கதி. பாதிதான் எறங்குது.

பங்குனிக் கடைசியில் சங்கத்து ஆள்கள் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். கொட்டை மூட்டைகளையும்.

சித்திரையில் பணம் பட்டுவாடா. அம்சவல்லி அதற்காகவே வந்திருந்தாள். தாண்டவராயன் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிலிப்ராஜின் ஜீப்பில் அவர் வரவில்லை. பாறைமேடு வரை புது வேன் ஒன்றில் வந்தார். ஓட்டியவர் அவருடைய மச்சினர்.

எடைக்கான விலை வந்தது. ஓட்டோடு கொடுத்த காலத்து விலையை விடக் கொஞ்சம் கூட. எடையோ பாதி. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன வருஷத்தை விடக் குறைச்சல்.

"ஒடச்ச கூலி சார்?" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னாம்மா கூலி? வூட்டாண்ட குந்தினு ஊர்க்கத பேசிக்கினே உரிக்கிறது. வூட்டு வேல. அதுக்குப் போய் யாராவது கூலி கேப்பாங்களா?"

"கொட்டப் பணம்?"

"அது கழிவும்மா. எடம் அடச்சினு கெடந்தது. நான்தான் ஆள வுட்டு அள்ளிச் சுத்தம் பண்ணேன். அதுக்குக் கூலி நான் கேக்கலியே."

பின்னால் நின்ற பிலிப்ராஜ், "என் வாடக சார்?" என்றான்.

"செலவு கொறைக்கணும்னு எல்லாருந்தானேப்பா சொன்னீங்க? கொறஞ்ச ரேட்டுக்கு வேன் கெடைக்கும்போது ஜீப்புக்கு எதுக்குக் கூட்டிக் குடுக்கணும்?" தாண்டவராயன் அம்சவல்லி பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அன்புதான் இருந்தது. "எல்லாம் பாப்பா போட்ட கணக்கு. நான் ஒண்ணும் புதுசாச் செய்யல. மேல ரொம்ப மெச்சிக்கினாங்க."

"பாதிக் கணக்க எடுத்துக்கினு பாதிய வுட்டுட்டீங்க சார்" என்றாள் அவள். "செலவு கொறையல. எங்கம்மா விரலுக்கு வந்துடுச்சு."

"கவுண்டரே, உம் பொண்ணு பேசறா" என்றார் தாண்டவராயன்.

வேடியப்பன் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தாண்டவராயனைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் வைத்த கை.

சம்பூர்ணம் எழுந்து வந்து இரண்டு கையையும் விரித்து வேடியப்பன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்க, மாமா, என் நெகம்?"

யாரும் சிரிக்கவில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள். "உங்களுக்கு எவ்ளோ குடுத்தான்?"

அதற்குப் பிறகு ஈச்சங்கொல்லையில் யாரும் மூட்டை இறக்க வேடியப்பனைக் கேட்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டே அவரவர் இறக்கினார்கள்.

*

வைகாசியில் ஒரு புதன்கிழமை பிலிப்ராஜ் வந்தான். சுமை போனதிலிருந்து அவன் சந்தை நாளான புதனில் மட்டும் பாறைமேட்டுக்கு வருவான். மற்ற நாள் டீசல் காசு கட்டாது.

"ண்ணா, மாவு மில்லாண்ட ஒரு லோடு எறங்குச்சு. புளியங்கொட்ட. கோணிய நான் பாத்தேன். குறுக்கால ரெண்டு தையல்."

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ராணியம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து போய் பழைய வேட்டியை எடுத்தாள். அன்றே பையைத் தைத்து ஆணியில் மாட்டினாள்.

பை மாட்டியாயிற்று. போகவில்லை. ஒரு புதன் முட்டி வலி. ஒரு புதன் மாடு கன்று போட்டது. ஒரு புதன் பாறைமேடு வரை இறங்கி, ஜீப்பில் இடமிருந்தும், கூட்டம் என்று சொல்லித் திரும்பி வந்தார். சங்கத்துக்கு மேலே இருந்தவர்களுக்கு அம்சவல்லி முழுக் கணக்கையும் எழுதி அனுப்பினாள். இந்தத் திட்டம் செயலாளர் வழியாக ஏற்கெனவே பெறப்பட்டது என்று பதில் வந்தது.

ஆவணியில் வந்தபோது அவள் நேராகவே கேட்டாள். "ஏம்பா போவல?"

"போவணும்."

"பயமா?"

"அவங்கிட்ட இன்னா பயம்?" களைக்கொட்டின் பிடியைச் சீவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "கேட்டுட்டா தீந்துடும்மா. அப்பறம் அவன் யாரோ, நாம யாரோ. ஒரு படி சாம கைக்கு வரும், அவ்ளோதான். கேக்காத வரிக்கும் அவன் சொன்ன சொல்லு நிக்குது. எப்பனா ஒருநாள் மனசு குத்தி, அவனா ஏறி வந்து குடுத்துட்டான்னு வெய்யி, சம்பூர்ணத்துக்கு நான் பதில் சொல்லிடலாம்ல?"

"வர மாட்டான் பா."

"பத்து வருஷமா எங்கூட சாப்ட்டவன்மா" என்றார்.

திரும்பி வராத முதலுக்கு மேலும் செலவு செய்யாதே என்று தொழிற்சாலையில் சொல்வாள். அதை இங்கே சொல்லவில்லை.

*

சாமைக் கோணி தைத்த மறுநாள், ஞாயிறு. விடிந்து வெயில் களத்தில் இறங்கியிருந்தது. வேடியப்பன் மாட்டை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். தூக்க முன்னால் வந்தவள் சம்பூர்ணம். அவள் புருஷனைப் பெயர் சொல்லிக் கத்தி அழைத்து கட்டிலின் ஒரு காலுக்கு நிறுத்திவிட்டு, இன்னொரு காலைத் தானே தோளில் வைத்துக்கொண்டாள். அதே பாதை. கட்டில் எங்கே தோள் மாறுகிறது, எங்கே நிற்கிறது என்று அம்சவல்லியின் மனசு தன்பாட்டில் குறித்துக்கொண்டே வந்தது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை. சிவப்புத் துணி கட்டிய மூட்டையும் இதே இடங்களில்தான் தோள் மாறியது.

பாறைமேட்டில் கட்டிலை இறக்கினார்கள். ஜீப் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அன்று ஞாயிறு.

அடிவாரத்துக்கு ஒருவனை ஓட விட்டார்கள். பிலிப்ராஜ் சர்ச்சில் ஞாயிறு பூசையில் இருந்தான். பூசைக்குப் போட்ட உடையோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு அவன் ஏறி வந்தபோது ராணியம்மாள் புருஷனின் கண்ணை மூடிவிட்டிருந்தாள். பிலிப்ராஜ் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

"நான் தூங்கினு இருந்திருக்கணும்ணா இங்க" என்றான்.

*

காரியம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மதியம் தாண்டவராயன் ஏறி வந்தார். மச்சினரின் வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. படம் எதுவும் இல்லாததால் வேடியப்பனின் மண்வெட்டி மேல் போட்டார். உண்மையாகவே அழுதார். அம்சவல்லிக்கு அதுதான் தாங்கவில்லை.

பந்தி விரித்தார்கள். முதல் வரிசை வீட்டு ஆள்களுக்கு. தாண்டவராயன் தயங்காமல் வந்து அதில் உட்கார்ந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்ல முடியாது. புதுச் சாமை சாப்பிட்டவர், யாரும் திருப்பிக் கேட்காதவர்.

அம்சவல்லி அடுப்படிக்குப் போனாள். "மா, இப்ப நான் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

"உன்னால முடியாது."

"நீ கேளு. பரிமாறினவ நீதான?"

"கூப்ட்டவர் கேக்கணும்டி. அவன் வாசல்ல போய் நின்னு கேக்கணும்" என்றாள் ராணியம்மாள். "கூப்ட்டவரு போய்ட்டாரு. இனிமே இவன் சாவற வரிக்கும் நம்ம வூட்டு ஆளு." சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இலையில் ரேஷன் அரிசிச் சோறு விழுந்தது. தாண்டவராயன் அதைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கார்த்திகையாச்சே. புதுச் சாம இல்லியா?"

ராணியம்மாளின் கரண்டி நின்றது. கோணி மூட்டை உள்ளே, சுவரோரமாக, குறுக்கே இரண்டு தையலோடு இருந்தது.

"இன்னும் குத்தல சார்" என்றாள்.

அவர் சாப்பிட்டார். குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, அம்சவல்லியின் தலையில் கை வைத்து, எது வேண்டுமானாலும் சொல்லு பாப்பா என்றார். வெளியே போகும்போது நிலை இடிக்காமல் குனிந்தார். ஆணியில் தொங்கிய பை அவர் தோளில் உரசியது. ஒற்றை விரலால் அதை ஒதுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் புதன். பிலிப்ராஜ் வழக்கம்போல் பாறைமேட்டில் வந்து நின்றான். திருப்பத்தூர் போவதற்கு அந்த வீட்டிலிருந்து யாரும் இறங்கவில்லை.